மாற்றிய கல்லீரலை மறுபடி நோய் பற்றாமல் காக்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருநெல்வேலி.

அனுப்புநர்: கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டோர் சங்கத்தார், திருநெல்வேலி.

பொருள்: ஹெபடைடிஸ் பி மறுதாக்கத்தைத் தடுக்கும் மாத்திரையும் பரிசோதனையும் உள்ளூரிலேயே கிடைக்க வேண்டுதல் தொடர்பாக.



கெட்டுப்போன கல்லீரலை எடுத்துவிட்டாலும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பைவிட்டுப் போவதில்லை. ரத்தத்திலும் பிற திசுக்களிலும் தங்கியிருந்து புதிய கல்லீரலைப் பற்றுகிறது. உடம்பு அந்த உறுப்பை ஒதுக்காமலிருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் வைரஸ் பெருகும் வேகம் கூடுகிறது. தடுப்பு மருந்து இல்லாத காலத்தில் 10 பேரில் சுமார் 8 பேருக்கு நோய் திரும்பியது. இம்யூனோகுளோபுலின் ஊசியும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் சேர்ந்த பிறகு அது 10 பேரில் ஒருவருக்கும் கீழே இறங்கியது. அறுவை முடிந்தபின் நோய் திரும்பாமல் காப்பதில் அன்றாடம் தவறாமல் விழுங்கும் அந்த மாத்திரைக்குப் பெரும் பங்குண்டு.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்று அறுவைக்கு அரசே செலவு செய்கிறது. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் டெனோபோவிர், எண்டெகாவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளுக்கும் இடமுண்டு. மிச்சமிருப்பது தூரம். பாபநாசத்திலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் 600 கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்குப் போய்வர, கூலித் தொழிலாளிக்கு இரண்டு நாள் வேலை போய்விடும். 'அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம்' என்பது இந்த நோயில் செல்லாது. மாத்திரை நின்றால் வைரஸ் மீண்டும் பெருகும். எனவே, எங்கே அறுவை நடந்திருந்தாலும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பதிவு செய்து, 3 மாத மாத்திரையை ஒருசேரத் தர வேண்டும். வைரஸ் அளவுப் பரிசோதனையோடு கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். ஏனெனில் டெனோபோவிர், டாக்ரோலிமஸ் இரண்டுமே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை.

இத்தகைய நோயாளிகள் சிலர்தானே என்று கேட்கலாம். சிலர் என்பதால் செலவும் சிறிதே. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை தரும் திட்டத்தை 2021-இலேயே தொடங்கிய அரசுக்கு இது பாரமாகாது. இம்யூனோகுளோபுலின் விலை அதிகம் என்பது உண்மை. எல்லோருக்கும் ஆயுள் முழுதும் அதைத் தர நாங்கள் கேட்கவில்லை. ஹாங்காங்கில் ஊசியே இல்லாமல் எண்டெகாவிர் மட்டும் கொடுத்து 80 பேரிடம் நல்ல பலன் கண்டதை மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்டார்கள். ஆனால் அறுவையின்போது வைரஸ் அதிகமிருந்தவர்கள், மருந்துக்கு எதிர்ப்பு உண்டானவர்கள், ஹெபடைடிஸ் டி தொற்றும் சேர்ந்தவர்கள் ஆகியோருக்கு ஊசி தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்; செலவைக் காப்பீடு ஏற்கட்டும். இதையும் மீறி நோய் திரும்பினாலும், சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தை மாற்றிப் பெரும்பாலும் அடக்கிவிடலாம்.

மாத்திரை இருப்பு இல்லை என்று எவரையும் ஒரு நாள்கூடத் திருப்பி அனுப்பக் கூடாது என எழுத்துமூலம் உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தார்