ஒரே கிரிவலப் பாதை, ரெண்டு கல்யாணம்

வெளிநாட்டில் இருக்கும் நம்ம மக்கள் நாலு பேர் கூடினால் மூணு விஷயம் பேசுவாங்க. ஊர்ச் சாப்பாடு, ஊர் அரசியல், பொண்டாட்டி விசா. முதல் ரெண்டும் பொழுதுபோக்கு. மூணாவது நிஜமான வேதனை.

எச்-1பி-யில் போனவரின் மனைவி எச்-4-ல் போய், படிச்ச படிப்பு வீணாக வருஷக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்த கதை எல்லாருக்கும் தெரியும். 2015-ல்தான் கிரீன் கார்டு வரிசையில் ஒரு கட்டம் தாண்டியவர்களின் துணைக்கு மட்டும் வேலை அனுமதி கிடைத்தது. பிரிட்டன் 2012-ல், வருஷத்துக்கு 18,600 பவுண்டு சம்பாதித்தால்தான் மனைவியையோ கணவனையோ கூட்டி வரலாம்னு சொன்னது. 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கிட்டாங்க. 'கல்யாணத்துக்கு வெள்ளைக்காரன் விலை வச்சுட்டான்'னு நாம திட்டினோம். நியாயமான கோபம். நானும் திட்டினேன், இன்னமும் திட்டுவேன்.

ஆனா ஒரு கேள்வி. இந்தியரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வருபவரை நம்ம நாடு எப்படி நடத்துது? இதைத் தெரிஞ்சுக்க டெல்லிக்குப் போக வேண்டாம். திருவண்ணாமலையில் கிரிவலம் போனாலே போதும்.

பதினாலு கிலோமீட்டர் பாதை. மலைக்குப் பின்பக்கம் வந்தால் அடி அண்ணாமலை. பழைய கோயில், சின்ன ஊர். ரமணர் காலத்திலிருந்து வெளிநாட்டுக்காரங்க இந்த மலையைத் தேடி வந்துக்கிட்டே இருக்காங்க. சில பேர் இங்கேயே தங்கிடுறாங்க, சில பேர் இங்கேயே கல்யாணமும் பண்ணிக்கிறாங்க. அதே அடி அண்ணாமலையில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கு. 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்'னு மாத்தினாங்க. பெயர் மாறியது நல்ல விஷயம்தான். சட்டம் மாறலை.

இப்போ ரெண்டு கல்யாணத்தை எடுத்துக்குவோம். ஆட்கள் என் கற்பனை, சட்டம் நிஜம்.

கல்யாணம் நம்பர் 1

ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பெண். உள்ளூர்ப் பையனோடு காதல். 1954-ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் நோட்டீஸ் போட்டு, பதிவாளர் முன்னாடி கையெழுத்து. அப்புறம் இந்தியரின் மனைவி என்ற வகையில் 'என்ட்ரி' விசா. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு. அலைச்சல் இருக்கும், ஜெராக்ஸ் செலவு இருக்கும், 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்க' இருக்கும். ஆனா பதிவான கல்யாணம் ரெண்டு வருஷம் நிலைச்சிருந்தால் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. மத்தபடி ஆயுசுக்கும் விசா கவலை இல்லை. அவங்களுக்கு இங்கே குழந்தை பிறந்தால், அப்பா இந்தியர், அம்மா சட்டப்படி தங்கியிருப்பவர். குழந்தை பிறக்கும்போதே இந்தியக் குடிமகன்.

நல்லா இருக்கட்டும். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கல்யாணம் நம்பர் 2

1990-ல் முகாமில் பிறந்த பெண். அப்பா அம்மா ரெண்டு பேரும் சண்டைக்குத் தப்பி ராமேஸ்வரம் கரைக்குப் படகில் வந்தவங்க. இந்தப் பொண்ணு இலங்கையைப் பார்த்ததே இல்லை. படிச்சது நம்ம அரசுப் பள்ளி, நம்ம சமச்சீர்ப் பிள்ளைகளுக்கு அண்ணன் அக்கா படிச்ச அதே பாடப் புத்தகம். பக்கத்து ஊர் இந்தியப் பையனைக் கட்டிக்கிறா. பையனுக்கு ஓட்டு இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு, ஏழு தலைமுறைக்கு இந்த மண்ணுதான்.

1955-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம், பிரிவு 5(1)(சி) என்ன சொல்லுதுன்னா, இந்தியரை மணந்து ஏழு வருஷம் இங்கே வசித்தவர் குடியுரிமைக்குப் பதிவு செய்யலாம். அப்பாடான்னு மூச்சு விடாதீங்க. 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கு. பாஸ்போர்ட், பயண ஆவணம் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர்தான் சட்டவிரோதக் குடியேறி. முகாம்காரங்களை அரசாங்கம் அந்தக் கணக்கில்தான் வச்சிருக்கு. இங்கேயே பிறந்தவ எப்போ, எந்த வாசல் வழியா 'நுழைந்தா'ன்னு கேட்டால் பதில் வராது. ஃபைல்தான் திரும்பி வரும்.

ஆக ஏழு வருஷம் இல்லை, எழுபது வருஷம் குடும்பம் நடத்தினாலும் அந்தக் கல்யாணத்துக்குச் சட்டத்தில் மதிப்பு பூஜ்யம். ஓ.சி.ஐ.யும் கிடையாது. அதுக்கு ஒரு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் கையில் இருக்கணும்.

இதை விடக் கொடுமை குழந்தை விஷயம். 2004 டிசம்பர் 3-க்கு அப்புறம் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. 2001-ல் இப்படிக் கல்யாணம் பண்ணின ஒரு ஜோடியை நினைச்சுப் பாருங்க. 2003-ல் பிறந்த அக்கா பிறப்பால் இந்தியர். 2006-ல் பிறந்த தம்பி இல்லை. அதே அப்பா, அதே அம்மா, அதே அரசு ஆஸ்பத்திரி. தம்பிக்கும் இந்திய அப்பா இருக்கார், ஆனா அவர் இந்தியராக இருப்பது பையனுக்குப் பிரயோஜனப்படலை. பிரிட்டன்காரன் நம்மகிட்ட பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டதுக்கே நாம குதிச்சோமே, இதுக்கு என்ன பண்ணப் போறோம்?

இதைப் பேசினாலே எனக்கு வழக்கமா மூணு பதில் வரும்.

1. "சட்டவிரோதமா வந்தவங்கதானே?"

1983 ஜூலைக்கு அப்புறம் வீடு எரிஞ்சு ஓடி வந்தவன் விசா முத்திரையோடயா படகு ஏறுவான்? வந்தவங்களைக் கரையிலிருந்து மண்டபம் முகாமுக்குக் கூட்டிப் போய்ப் பதிவு பண்ணி, மாவட்டம் மாவட்டமா பிரிச்சு அனுப்பி, அடையாள அட்டையும் மாத உதவித்தொகையும் கொடுத்தது அரசாங்கமே. வீட்டுக்குள்ள கூப்பிட்டு உட்கார வச்சுட்டு, நாற்பது வருஷம் கழிச்சு 'சுவரேறிக் குதிச்சவன்'னு சொல்றது என்ன நியாயம்? 2025 செப்டம்பரில் மத்திய அரசே, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கு. நன்றி. இனி ஜெயிலில் போட மாட்டாங்க. குடும்ப அட்டையில் மனைவியா சேர்ந்தவ குடிமகளாகச் சேர மட்டும் இன்னும் வழி இல்லை.

2. "கல்யாணம் பண்ணினா குடியுரிமைன்னா ஆளாளுக்குப் போலிக் கல்யாணம் பண்ணுவாங்களே?"

அதுக்குத்தானே ஏழு வருஷக் காத்திருப்பு, விசாரணை எல்லாம் வச்சிருக்கு? முகாம்காரங்களை விட அதிகம் கண்காணிக்கப்படுறவங்க தமிழ்நாட்டில் யார்? வருகைப் பதிவு, கியூ பிரிவு, வெளியூர் போக அனுமதி. போலிக் கல்யாணம் பண்ணி மறைக்க இவ்வளவு மோசமான இடம் வேறெங்கும் கிடைக்காது :-) ரெண்டே வருஷத்தில் ஓ.சி.ஐ. வாங்கும் வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து இந்தச் சந்தேகம் யாருக்கும் வரலையே, ஏன்?

3. "சண்டைதான் 2009-ல் முடிஞ்சாச்சே, திரும்பிப் போகட்டும்."

போக விரும்புறவங்க போகட்டும், உதவியும் பண்ணுங்க. இந்தியப் புருஷனும் இந்தியப் பிள்ளையும் உள்ளவ எங்கே போவா? இப்போதைக்கு அவளுக்கு இருக்கும் வழி இதுதான்: சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் வாங்கி, இங்கே வெளியேற அனுமதி வாங்கி, பார்த்தேயிராத ஊருக்குப் போய், அங்கிருந்து விசா எடுத்து, சொந்த வீட்டுக்கு விருந்தாளியா திரும்பி வரணும். ஏழு வருஷக் கணக்கு அதுக்கப்புறம்தான் தொடங்கும். நடுவில் விசா மறுத்துட்டால் பிள்ளைகளை யார் பார்த்துக்கிறது?

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில், மனைவி பிள்ளைகள் இங்கே இருக்காங்கன்னு சொன்ன ஓர் இலங்கைத் தமிழரிடம், இந்தியா ஒண்ணும் தர்மசாலை இல்லைன்னு நீதிபதி சொன்னார். அவர் தண்டனை அனுபவித்தவர், வழக்கின் தன்மை வேறு. ஆனா அந்த வார்த்தையை எடுத்து முகாம் மொத்தத்துக்கும் ஒட்டினாங்க பாருங்க, அதுதான் எரிச்சல். கட்டின புருஷனோட குடும்பம் நடத்துறதுக்குப் பெயர் தர்மசாலையில் தங்குறதா?

நம்ம அரசியல்வாதிகள் பங்குக்கு 'இரட்டைக் குடியுரிமை'ன்னு மேடையில் முழங்குவாங்க. இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமையே கிடையாது. கிடைக்காததைக் கேட்டால் கொடுக்காததுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம், ரொம்பச் சவுகரியம். கேட்க வேண்டியது சின்ன விஷயம். 2019 திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவரை 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லிலிருந்து விலக்கினாங்களே, அதே மாதிரி ஒரு வரி. அரசிடம் அகதியாகப் பதிவு செய்தவர், இந்தியரை மணந்திருந்தால், அவரும் அவர் பிள்ளைகளும் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட மாட்டார்கள். அவ்வளவுதான். முகாமில் இருக்கும் அத்தனை பேருக்கும் குடியுரிமை என்பது பெரிய விவாதம், அது தனியா நடக்கட்டும். புருஷன் பொண்டாட்டி விஷயத்துக்கு என்ன விவாதம் வேண்டிக்கிடக்கு?

லண்டன்லயும் நியூஜெர்சியிலயும் விசா வரிசையில் நின்ன அனுபவம் நம்மில் பல பேருக்கு இருக்கு. பதில் வராத நாளில் எப்படித் தூக்கம் கெடும்னு நமக்குத் தெரியும். நமக்காவது நிற்க ஒரு வரிசை இருந்தது. அந்தப் பொண்ணுக்கு அதுவும் இல்லை. உங்க தொகுதி எம்.பி. அடுத்த தடவை 'தொப்புள்கொடி உறவு'ன்னு பேச்சை ஆரம்பிக்கும்போது, பிரிவு 5(1)(சி)-யைப் பத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

டிஸ்கி: 'ஜெர்மன் பெண்ணுக்கு ஏன் கொடுக்கிறே?'ன்னு நான் கேட்பதாக யாராவது படித்தால், தயவுசெய்து மேலிருந்து மறுபடி படிக்கவும். அவங்களுக்குக் கொடுப்பதில் பாதியாவது இவங்களுக்கும் கொடு என்பதுதான் கோரிக்கை.