எல்லாம் நரம்புத் தளர்ச்சிதானா?

நம்ம ஊரில் காரணம் பிடிபடாத எந்த உபாதைக்கும் ஒரு பெயர் தயாராக இருக்கும்: நரம்புத் தளர்ச்சி. கை நடுங்கினாலும் அதுதான், தூக்கம் வராவிட்டாலும் அதுதான். மருத்துவப் புத்தகங்கள் இதைவிட மேல் என்று நினைத்துக் கொண்டிருந்தேன், டெர்க்கம் நோயைப் பற்றிப் படிக்கும் வரை.

ஃபிரான்சிஸ் டெர்க்கம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த நரம்பியல் மருத்துவர். (1919இல் அதிபர் உட்ரோ வில்சனுக்குப் பக்கவாதம் வந்தபோது போய்ப் பார்த்தவரும் இவரே.) தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு வலியால் தவித்த மூன்று நோயாளிகளைப் பற்றி 1892இல் எழுதினார். சாதாரணக் கொழுப்புக் கட்டி பெரும்பாலும் வலிக்காது; அழுத்தினால் நழுவும், அவ்வளவுதான். இது வலித்தது. அதனால் கட்டுரைத் தலைப்பிலேயே நரம்புக் குறிகளையும் சேர்த்தார். இறந்தவர்களின் உடலை ஆராய்ந்தபோது நரம்புகளில் அழற்சி இருந்ததாகவும் எழுதி வைத்தார்.

வம்பு எங்கே வந்தது? அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'நெர்வஸ்' என்றால் நரம்பும்தான், மனசும்தான். அங்கேதான் சறுக்கியிருக்கும் என்பது என் சந்தேகம். 1901இல் இந்நோய்க்கு நான்கு அடையாளங்கள் வகுத்தார்கள்: வலிக்கும் கொழுப்பு, உடல் பருமன், சோர்வு, நான்காவதாக மனக்கோளாறு!

இது பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு வருகிற நோய். வருடக்கணக்கில் வலியோடு இருப்பவள் எரிந்து விழுந்தால் அதுவும் நோயின் அடையாளமாம். பல்வலியில் முகம் சுளிப்பவனுக்கு மனக்கோளாறு என்று யாராவது எழுதுவார்களா? கடைசியில் அவளுக்குக் கிடைப்பது இரண்டு வரி அறிவுரை: எடையைக் குறை, கவலைப்படாதே. எடை குறைந்தாலும் பலருக்கு வலி போவதில்லை என்பதை யாரும் சொல்வதில்லை.

சரி, நரம்புதான் காரணம் என்பது உறுதியா என்று கேட்பீர்கள். இல்லை. பின்னால் தேடிய எல்லோருக்கும் அந்த அழற்சி தென்படவில்லை. மூல காரணம் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுகிறார்களே, லிடோகெயின், நரம்பில் வலிச் செய்தி ஓடாமல் தடுக்கும் மருந்து, அதை ரத்தக் குழாயில் ஏற்றியபோது சிலருக்கு வலி வாரக்கணக்கில் அடங்கியதாக 1980களிலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியிருக்க முதலில் தேட வேண்டிய இடம் நரம்பா, அந்தப் பெண்ணின் குணமா?

2012இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இரண்டு அடையாளங்களே போதும் என்றார்கள்: அதிக எடை, கொழுப்புத் திசுவில் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி. மனக்கோளாறு அதில் கிடையாது. எங்கள் கையில் சுற்றும் சீனியர் நோட்ஸில் மட்டும் இன்னும் நான்கு இருக்கிறது. பரீட்சையில் கேட்டால் நான் இரண்டுதான் எழுதப் போகிறேன். மார்க் போனால் போகட்டும்.