அனுப்பியவர்களை மீண்டும் அழைக்க நேர்ந்தால்?

இந்தியாவில் இனி கார் தயாரிக்கப் போவதில்லை என்று 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. இழப்பீட்டுத் தொகை போதாது என்று மறைமலை நகர் ஆலைத் தொழிலாளர்கள் மறு ஆண்டு மே கடைசியில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் கார் வெளியே வந்தபோதும் அந்தப் பேரம் ஓயவில்லை.

மூன்றே ஆண்டுகளில் காற்று திசை மாறியது. அதே ஆலையை ஏற்றுமதிக்காகத் திறக்க விரும்புவதாக 2024 செப்டம்பரில் தமிழக அரசுக்கு ஃபோர்டு கடிதம் கொடுத்தது; 2025 அக்டோபரில் ரூ.3,250 கோடியில் இன்ஜின் தயாரிக்க ஒப்பந்தமும் போட்டது. இனி பழகிய கைகள் தேவைப்படும். பக்கத்திலேயே ஒரகடத்தில் எத்தனையோ ஆலைகள் இருக்க, பழைய ஆட்கள் திரும்பி வருவார்களா என்பது அவர்களை அனுப்பிய விதத்தையும் பொறுத்தது.

ஆட்குறைப்பு சில வேளை தவிர்க்க முடியாததுதான். நட்டத்தில் ஓடும் நிறுவனத்தை நியாயம் பேசி நிமிர்த்திவிட முடியாது. ஆனால் அனுப்பும் முறை முதலாளியின் கையில் இருக்கிறது. கொரோனாவில் சுற்றுலா படுத்துவிட, 2020 மே மாதம் ஏர்பிஎன்பி நிறுவனம் தன் 7,500 பேரில் சுமார் 1,900 பேரை நீக்கியது. ஏன் இந்த முடிவு, யாருக்கு என்ன கிடைக்கும் என்று தலைவர் பிரையன் செஸ்கி விளக்கமாக எழுதினார். லேப்டாப்பை அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆளெடுக்கும் பிரிவில் ஒரு பகுதியினர், போனவர்களுக்கு வெளியே வேலை தேடித் தரும் பணிக்கு மாற்றப்பட்டார்கள். மறு ஆண்டு பெட்டர்.காம் நிறுவனத் தலைவர் விஷால் கார்க் சுமார் 900 பேரை ஒரே ஜூம் அழைப்பில், சில நிமிடங்களில் வீட்டுக்கு அனுப்பினார். வீடியோ உலகம் சுற்றியது. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

“அவங்ககிட்ட பணம் இருக்கு, எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?” என்பார் அம்பத்தூரில் இருபது பேரை வைத்து லேத் பட்டறை நடத்துபவர். செலவே இல்லாத வழிகளும் உண்டு. பி.எஃப். தளத்தில் ஆள் விலகிய தேதியைப் பதிய ஐந்து நிமிடம் போதும். அதை முதலாளி செய்யாவிட்டால், தொழிலாளி இரண்டு மாதம் காத்திருந்து தானே பதிந்த பிறகுதான் கணக்கை முடித்துப் பணம் கேட்க முடியும். அனுபவச் சான்றிதழைக் கடைசி நாளிலேயே கையில் கொடுக்கலாம். புதிய கம்பெனியிலிருந்து விசாரித்து ஃபோன் வந்தால் எடுத்து, உள்ளதை உள்ளபடி நாலு நல்ல வார்த்தை சொல்லலாம். பல இடங்களில் கிடைக்கும் பதிலோ, “மேனேஜர் லீவு, அடுத்த வாரம் வாங்க.”

ஆட்குறைப்பில் போனவர்களுக்கு, மறுபடி ஆளெடுக்கும்போது முன்னுரிமை தர வேண்டும் என்றது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம். அதில் காலவரம்பு இருக்கவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அந்த முன்னுரிமையை ஓராண்டாகச் சுருக்கிவிட்டது. தொழிலில் மந்தம் வந்து விலக ஓராண்டு போதுமா என்ன? அதற்குப் பிறகும் பழைய ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.