கும்மிடிப்பூண்டிக்கு எளிய தூசி உணரிகள் வேண்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலைகள் பல. காற்றைத் தொடர்ந்து அளக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம் இருக்கிறது; ஆனால் புகையோ தெருவுக்குத் தெரு மாறுகிறது. ஆகவே சுற்றியுள்ள ஊர்களிலெல்லாம் மலிவான லேசர் உணரிகள் வேண்டும். கடலோர ஈரத்தில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருப்பதால் இந்த உணரிகள் தூசியைக் கூடுதலாகக் காட்டும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதற்காகச் சிக்கலான கருவி தேவையில்லை. காற்று நுழையும் குழாயைச் சற்றே சூடாக்கினால் ஈரம் பெரிதும் உலரும். சூடு மிஞ்சினால் அம்மோனியம் நைட்ரேட் ஆவியாகி அளவு குறைந்துவிடும். அதனால்தான் முதலில் வாரிய நிலையத்துக்கு அருகிலேயே வைத்து ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

நீதிமன்றச் சான்றுக்கு இந்த அளவீடு போதாதுதான். ஆனால் 2.5 மைக்ரான் நுண்துகளுக்கான 24 மணி நேர வரம்பு, கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், எந்தத் தெருவில் அடிக்கடி மீறப்படுகிறது என்று தெரிந்தாலே போதும். ஆய்வாளர் எந்த ஆலையில் சோதனையைத் தொடங்குவது என்பது தெளிவாகும்.