கோச்சை மாத்தினா ஹீமோகுளோபின் ஏறுமா?

1/ அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பிள்ளைகளை ஃபுட்பால் அகாடமிக்கு அனுப்புற பெற்றோருக்கு இந்த இழை.

2/ 2025 ஜூலையில ஐ.எஸ்.எல். தொடரை நிறுத்தி வச்சாங்க. தொடரை நடத்திய எஃப்.எஸ்.டி.எல்., கால்பந்து சம்மேளனத்துக்கு வருஷம் 50 கோடி ரூபாய் கொடுத்துட்டு இருந்துச்சு. அந்த ஒப்பந்தம் 2025 டிசம்பர்ல முடியுறதா இருந்துச்சு, அதைப் புதுப்பிக்கலை. ஆகஸ்ட்ல நம்ம சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாட்டை நிறுத்திடுச்சு.

3/ அதே ஆகஸ்ட்ல இந்திய அணிக்குப் புது கோச், காலித் ஜமீல். ஸ்டிமாச், மார்க்கெஸ், ஜமீல்னு ஒன்றேகால் வருஷத்துல மூணு பேர்! ரத்தசோகைக்கு டாக்டரை மட்டும் மாத்தினா ஹீமோகுளோபின் ஏறாதுங்க.

4/ ஆஸ்திரேலிய ரக்பியிலும் இதே கதைதான். 2023ல கோச் எட்டி ஜோன்ஸ் விலகினார். 2024ல மெல்போர்ன் ரெபெல்ஸ் அணியே கடன்ல மூழ்கிடுச்சு.

5/ பயிற்சி நின்னா சில வாரத்துலயே தாக்குப்பிடிக்கிற சக்தி குறையும். அப்புறம் திடீர்னு முழு வேகத்துல ஓடவிட்டா தொடைத் தசை கிழிய வாய்ப்பு அதிகம். சம்பளம் வராதவர் ஸ்கேனைத் தள்ளிப்போடத்தான் பார்ப்பார்.

6/ அதனால, சீசன் தொடங்கும் முன்னாடியே வீரர்களோட சம்பளத்துக்கும் சிகிச்சைக்கும் கிளப்புகள் வங்கி உத்தரவாதம் கொடுக்கணும்ங்கிறது என் கருத்து. நீங்களும் அகாடமியில "கோச் யாரு?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "அடிபட்டா செலவு யாரோடது?"ன்னும் கேளுங்க. பதிலை எழுத்துல வாங்குங்க.