பேய் பத்திரம், பேயின் இசை எங்கே?

இசைத்தட்டு சேர்க்கிற ஆசாமிகள் நாலு பேர் கூடினால் ஒரு சண்டை நிச்சயம். அசல் பதிவா, மறுபதிவா? பழைய ஹாலிவுட் பேய்ப்படப் பிரியர்களுக்கு இது கிட்டத்தட்ட மதச்சண்டை. 'சைக்கோ' 1960-ல் வந்தபோது அதன் இசை தனித்தட்டாக வரவில்லை. பெர்னார்ட் ஹெர்மன் 1975-ல், தான் இறந்த அதே வருடம், லண்டனில் நேஷனல் பில்ஹார்மோனிக் குழுவை வைத்து முழுசாக மறுபடி பதிவு செய்தார். நல்ல பதிவுதான். ஆனால் வேகம் குறைவு, படத்தில் இருந்த பதற்றம் இல்லை என்று இன்னமும் புலம்புகிறார்கள்.

கொடுத்து வைத்தவர்கள்! புலம்புவதற்காவது அவர்களுக்கு ஒரு மறுபதிவு இருக்கிறது.

இப்போது எங்கள் திருவனந்தபுரத்துக்கு வாருங்கள். 'மணிச்சித்திரத்தாழ்', 1993. பாட்டுகளுக்கு இசை எம்.ஜி.ராதாகிருஷ்ணன், திருவனந்தபுரம் வானொலிக்காரர். பின்னணி இசை ஜான்சன். நாகவல்லி நம்ம தஞ்சாவூர்ப் பெண் என்பதால் அந்தப் பாட்டில் பாதி தமிழ், எழுதியது வாலி. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பாட்டு கேசட்டும் தேய்கிற வரை கேட்டாயிற்று. ஆனால் நம்மை நிஜமாகப் பயமுறுத்தியது பாட்டா? தெக்கினியின் கதவு திறக்கும் முன்பே முதுகில் ஜில்லென்று ஏறியதே, அது யாருடைய வேலை? கடல் தாண்டி இருக்கும் என் அலமாரியில் ஹெர்மன் இருக்கிறார். ஜான்சனுக்கான இடம் மட்டும் காலி.

இதே ஜான்சனுக்கு 'சுக்ருதம்' படத்தின் பின்னணி இசைக்காகத் தேசிய விருது கொடுத்தார்கள். விருது கொடுக்கத் தெரிந்த நாட்டுக்கு டேப்பை எடுத்து வைக்கத் தெரிய வேண்டாமா? ராதாகிருஷ்ணன் 2010-ல் போனார், ஜான்சன் 2011-ல் போனார். இனி யாரைக் கூப்பிட்டு மறுபதிவு செய்வது?

இதில் ஒரு வேடிக்கை. கோடம்பாக்கத்தில் பின்னணி இசைக்குப் பெயரே 'ரீ-ரெக்கார்டிங்'. அசலுக்கே மறுபதிவு என்று பெயர் வைத்த ஊரில் அசலை யார் தேடப் போகிறார்கள்?

"அதுதான் படத்திலேயே இருக்கிறதே, தனியாக எதற்கு?" என்பார்கள். ஐயா, வசனம், கதவுச் சத்தம், இசை எல்லாவற்றையும் கலந்து ஒரே தடமாக்கிய பிறகு அது சாம்பார். அதிலிருந்து புளியை மட்டும் வடித்து எடுக்க முடியாது. கலப்பதற்கு முன்னால் இருந்த இசை டேப்தான் அசல். இப்போது கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுக்குமே என்கிறார் அலுவலக நண்பர். கொடுக்கும், அலறலோடு சேர்த்து வயலினையும் கொஞ்சம் சுரண்டிக் கொடுக்கும். இணையத்தில் யாரோ கீபோர்டில் வாசித்துப் போடுவது அன்பு. அது ஆவணம் ஆகாது.

பாட்டுக்கு மட்டும் நாம் சண்டை போடுவோம். 1964-ல் வந்த 'பார்கவி நிலையம்' 2023-ல் 'நீலவெளிச்சம்' ஆனபோது, பாபுராஜின் பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். உரிமை யாருக்கு என்று அவர் குடும்பம் கேட்டது. நியாயமான கேள்வி. பாட்டுக்கு உறவுக்காரர்கள் உண்டு. பின்னணி இசை அனாதை.

2024 ஆகஸ்டில் 'மணிச்சித்திரத்தாழ்' 4கே, அட்மாஸ் எல்லாம் போட்டு மறுபடி திரைக்கு வந்தது. சந்தோஷம். கூடவே ஜான்சனின் இசையை மட்டும் ஒரு தட்டாகப் போட்டிருந்தால் முதல் ஆளாக வாங்கியிருப்பேன்.

கேரள சலச்சித்திர அகாடமி 1998 முதல் இருக்கிறது. டிசம்பர் தோறும் திருவனந்தபுரத்தில் உலகப்படம் காட்டுகிறது. பழைய படம் ஒன்றைப் புதுப்பிக்கும்போது தயாரிப்பாளரிடம் நெகட்டிவோடு நிற்காமல் இசை டேப்பையும் கேட்கட்டும். இசைக்குழுவில் வாசித்தவர்கள் வீட்டுப் பரணில் நொட்டேஷன் காகிதம் இருக்கிறதா என்று விசாரிக்கட்டும். வாசித்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. காந்த டேப் யாருக்காகவும் காத்திருக்காது. பூஞ்சை பிடித்த பிறகு விழா எடுத்து என்ன பிரயோஜனம்?