நீல ஒளியும் நம் பிள்ளைகளின் உறக்கமும்



முதல் பாடவேளையிலேயே கொட்டாவி விடும் மாணவனுக்கு நாம் எளிதாகச் சூட்டும் பெயர் 'சோம்பேறி'. முந்தைய இரவு அவன் கண்ணுக்குள் புகுந்த ஒளியும் அச்சோர்வுக்குக் காரணமாக இருக்கலாம் என எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

இதயத்துடிப்பு, செரிமானம், உடல் வெப்பம் ஆகியவை நாம் ஏவாமலே நடைபெறுகின்றன. இவற்றை நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். அதில் பரிவு நரம்புகள் உடலைச் செயலுக்கு ஆயத்தப்படுத்துகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகள் ஓய்வுக்கு அழைத்துச் செல்கின்றன. பகலில் முன்னதும் உறக்கத்தில் பின்னதும் ஓங்கியிருப்பதே இயல்பு.

இதற்கும் ஒளிக்கும் என்ன தொடர்பு? கண் பார்ப்பதற்கு மட்டும் அமைந்த உறுப்பன்று. மெலனாப்சின் என்னும் நிறமி கொண்ட சில நரம்பணுக்கள் விழித்திரையில் உள்ளன. அவை தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பது 2002-இல் உறுதியானது. ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கே அவை மிகுதியாகத் துலங்குகின்றன. 'இது பகல்' என்னும் செய்தியை மூளையின் உயிர்க்கடிகாரத்திற்கு அனுப்புகின்றன. அக்கடிகாரத்தின் கட்டளை தன்னியக்க நரம்புகளின் வழியாகப் பினியல் சுரப்பியை அடைந்து, இரவின் சுரப்பான மெலடோனினைத் தடுக்கிறது.

2005-இல் வெளியான ஓர் ஆய்வில், மாலையில் இரண்டு மணி நேரம் நீல ஒளி பெற்றவர்களுக்கு, பச்சை ஒளி பெற்றபோது இருந்ததைவிட மெலடோனின் குறைந்தது. இதயத்துடிப்பும் உடல் வெப்பமும் கூடியிருந்தன. 2022-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், 100 லக்ஸ் அறை வெளிச்சத்தில் ஓரிரவு உறங்கிய இளையோருக்கு உறக்கத்திலும் இதயத்துடிப்பு உயர்ந்தே இருந்தது. கண் மூடியிருந்தும் உடல் முழுமையாக ஓயவில்லை!

சிறுவர் நிலை இன்னும் கவலைக்குரியது. 2018-இல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு உறங்கும் நேரத்திற்கு முன் ஒரு மணி நேரம் கடும் வெளிச்சம் காட்டினர். மெலடோனின் ஏறத்தாழ 88 விழுக்காடு குறைந்தது. கைப்பேசித் திரை அவ்வளவு கடுமையானதன்று என்பது உண்மையே. ஆனால், கூரை விளக்கும் முகத்தருகே திரையும் பரபரப்பான விளையாட்டும் ஒன்றுசேர்ந்தால் உறக்கம் தள்ளிப்போகாமல் என்ன செய்யும்?

இங்கே நம் நாட்டுச் சூழலையும் எண்ண வேண்டும். 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. கோலாலம்பூரில் கதிரவன் எழுவது ஏறத்தாழ காலை 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில்தான். நம் பிள்ளைகளோ இருட்டிலேயே எழுந்து பள்ளிப் பேருந்தில் ஏறுகிறார்கள். காலையில் கிடைக்க வேண்டிய ஒளி கிடைப்பதில்லை. இரவில் கூடாத ஒளி கிடைக்கிறது. பகலும் இரவும் தலைகீழாகிவிட்டன.

ஆகவே நீல ஒளி நஞ்சன்று; நேரம் தவறி வரும் விருந்தாளி. இதைத் தடுக்கும் என நம்பிச் சிறப்புக் கண்ணாடி வாங்கித் தரும் பெற்றோர் உளர். 2023-இல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வு, அக்கண்ணாடிகள் உறக்கத்தை மேம்படுத்துமா என்பதற்குத் தெளிவான சான்று கிட்டவில்லை என்கிறது. செலவில்லாத வழிகளே மேல்:

1. உறங்குவதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன் திரைகளை அணைத்துவிடுங்கள். பெற்றோரின் கைப்பேசியும் இதில் அடங்கும்.

2. கூரை விளக்கைக் குறைத்து, மஞ்சள் நிற மேசை விளக்கில் கதைநூல் வாசிக்கச் செய்யுங்கள்.

3. சபைக்கூடலையும் ஓய்வு நேரத்தையும் இயன்றவரை திறந்தவெளியில் நடத்துங்கள். மேகமூட்டமான பகலிலும் வெளியே உள்ள ஒளி வகுப்பறை விளக்கைவிடப் பன்மடங்கு அதிகம்.

4. இரவு ஒன்பது மணிக்குமேல் புலனக் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்பும் வழக்கத்தைப் பள்ளிகள் கைவிட வேண்டும். அச்செய்தியைக் காணவே பிள்ளை மீண்டும் திரையைத் திறக்கிறான்.

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. விடியற்காலை 5.30-க்கு எழும் பிள்ளை இரவு 8.30-க்கே உறங்கினால்தான் ஒன்பது மணி நேரமாவது கிட்டும். நம்மில் எத்தனை வீடுகளில் இது நடக்கிறது? அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், தேர்ச்சி விழுக்காட்டைப் பேசுவதற்கு முன் இதைப் பேசுவோமா?